அமெரிக்கத் தேர்தலைப் பிரிட்டன் வலதுசாரிகள் எப்படிப் பார்க்கிறார்கள்: ‘அமெரிக்கானோ’ பாட்காஸ்ட் விமர்சனம்

1828 முதல் வரும் ‘ஸ்பெக்டேட்டர்’ வார இதழின் பாட்காஸ்ட் இது. ஃப்ரெடி கிரே நடத்துகிறார். எந்த பாட்காஸ்ட் செயலியிலும் கிடைக்கும்.

பிரிட்டனின் வலதுசாரிக் கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர் என்றாலே அமெரிக்கக் குடியரசுக் கட்சிப் பக்கம்தான் என்று நினைப்பவர்கள் அவசியம் கேட்க வேண்டும். 2008-இலேயே, பின்னாளில் கன்சர்வேட்டிவ் பிரதமரான போரிஸ் ஜான்சன் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஒபாமாவைத்தான் ஆதரித்தார். அதற்கு இரண்டு வருடம் முன்பு கன்சர்வேட்டிவ் கட்சியின் மாநாட்டு மேடையில் பேசியவரோ, 2008-இல் ஒபாமாவை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெயின். 2024-இல் முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் டிரம்ப்புக்காக, குடியரசுக் கட்சி மாநாடு நடந்த மில்வாக்கி வரை போனார். அமெரிக்கக் குடிமகனாக இருந்தால் டிரம்ப்புக்கே வாக்களிப்பேன் என்றார், அப்போது கன்சர்வேட்டிவ் எம்.பி.யாக இருந்த ராபர்ட் ஜென்ரிக்.

டிரம்ப்போடு இவர்களுக்கு உரசல் எங்கே வருகிறது? முதலில் உக்ரைன். கன்சர்வேட்டிவ் கட்சியில் பெரும்பாலோர் உக்ரைன் பக்கம் உறுதியாக நின்றவர்கள். டிரம்ப் உதவியை நிறுத்திவிடுவாரோ என்ற பயம் அவர்களுக்கு நிஜமாகவே இருந்தது. அடுத்தது இறக்குமதி வரி. எல்லா நாட்டுப் பொருளுக்கும் 10 முதல் 20 சதவீதம் வரி என்று டிரம்ப் பிரசாரம் செய்தால், முன்னாள் பிரதமர் தாட்சர் வழிவந்த தடையற்ற வணிகக்காரர்கள் எப்படிக் கைதட்டுவார்கள்? குடியேற்றம் என்று வந்தால் மட்டும் அணிகள் நெருங்கிவிடும்.

புதிதாகக் கேட்பவர்கள் 2024 தேர்தலுக்கு முந்தைய, பிந்தைய வாரப் பகுதிகளை அடுத்தடுத்துக் கேளுங்கள். யாருடைய கணிப்பு நின்றது என்பது தெரிந்துவிடும். தேர்வாளர் குழு (அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும், மாநிலவாரியான பிரதிநிதிகள்), ஊசலாடும் மாநிலங்கள் (எந்தக் கட்சிப் பக்கமும் சாயக்கூடியவை) இரண்டையும் முன்கூட்டியே படித்துக்கொள்ளாவிட்டால் பாதிப் பேச்சு பிடிபடாது.