மதுரைக் கடைகளில் கிடைக்கும் 15 வாட் பேனல் டிரைவர்: எதை வாங்கலாம், எதை விடலாம்

மெயின் கரண்டை எல்இடி பேனல் விளக்குக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பதுதான் டிரைவர். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் எலெக்ட்ரிக்கல் கடைகளில் "பதினஞ்சு வாட் டிரைவர் குடுங்கண்ணே" என்றால் மூன்று சரக்கு மேசைக்கு வரும்: வெறும் போர்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் நான்-ஐசோலேட்டட், அதே போன்ற பெட்டிக்குள் ஐசோலேட்டட் (மெயின் கரண்டையும் எல்இடியையும் பிரித்து வைப்பது). பல சமயம் மூன்றிலும் ஒரே எழுத்துதான் இருக்கும்: அவுட்புட் 36–63 வோல்ட், 300 மில்லிஆம்பியர். ஃபால்ஸ் சீலிங்கில் அலுமினிய உடம்புள்ள பேனலுக்கு என்றால் ஐசோலேட்டட் மட்டும் வாங்குங்கள். நான்-ஐசோலேட்டடில் மெயின் கரண்டுக்கும் எல்இடிக்கும் நடுவே தடுப்பே கிடையாது; வெறும் போர்டும் பல சமயம் அப்படித்தான். பேனலுக்குள் செம்புத் தடத்தையும் அலுமினியத்தையும் பிரிப்பது மெல்லிய பூச்சு ஒன்றுதான். மழையில் சீலிங் நனைந்து அந்தப் பூச்சு விட்டுப்போனால், பேனலைத் துடைக்கிறவர் கைக்கு நேராக 230 வோல்ட் வரும்.

அடையாளம் காண்பது சுலபம். ஐசோலேட்டட் போர்டில் மஞ்சள் டேப் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதன் இருபுறச் செம்புத் தடங்களுக்கும் நடுவே காலி இடம் விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியைத் தாண்டுவது டிரான்ஸ்ஃபார்மரும், பெரும்பாலும் நீல நிறத்தில் வரும் ஒரு ஒய் கண்டன்சரும் (இரு பக்கத்துக்கும் நடுவே போடும் பாதுகாப்பு வகைக் கண்டன்சர்) மட்டுமே. மற்றதில் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் ஒரு காயில்தான். பெட்டியைத் திறக்கக் கடைக்காரர் விடவில்லையென்றால், மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து இன்புட் வயருக்கும் அவுட்புட் வயருக்கும் இடையே முள்களை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு பக்கமாவது அளவு காட்டினால் அது நான்-ஐசோலேட்டட்.

டிரைவரின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கண்டன்சர். விலை குறைந்த சரக்கில் வருவது 105 டிகிரி, 2,000 மணி நேர வகை. சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது கணக்கு; ஆகவே 85 டிகிரியில் 8,000 மணி. சித்திரை வெயிலில் சீலிங்குக்கு மேலே தேங்கும் சூடும் பெட்டியின் சொந்தச் சூடும் சேர்ந்தால் 85 டிகிரி எளிதாக வந்துவிடும். விளக்குத்தூண் பக்கத் துணிக்கடை ஒன்று தினம் 12 மணி நேரம் எரித்தால் அந்த 8,000 மணி இரண்டு வருடத்துக்குக்கூடத் தாங்காது. 10,000 மணி நேரக் கண்டன்சர் போட்ட டிரைவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், தாராளமாக. அவுட்புட் கண்டன்சர் காயத் தொடங்கினால் முதலில் மினுக்கல் கூடும். மொபைல் கேமராவில் பார்த்தால் பட்டை பட்டையாக ஓடும்.

அடுத்தது வோல்டேஜ். 300 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதிவிட்டு உள்ளே 400 வோல்ட் இன்புட் கண்டன்சர் போடுவது மோசம். 300 வோல்ட் ஏசியைத் திருத்தினால் உச்சம் 424 வோல்ட். அங்கே 450 வோல்ட் கண்டன்சர்தான் நிற்கும். இதைவிடப் பெரிய ஆபத்து நியூட்ரல் அறுந்துபோவது. மேலூர், உசிலம்பட்டி பக்கம் காற்றுமழைக்குப் பிறகு டிரைவர்கள் கொத்தாகப் போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். நியூட்ரல் விட்டால் சிங்கிள் பேஸ் வீட்டுக்குள் 415 வோல்ட் வரை ஏறலாம், உச்சம் 587. சாதாரண போர்டில் இருக்கும் 471 வேரிஸ்டர் (வோல்டேஜ் மிஞ்சினால் கரண்டைத் தன் வழியே இழுத்துக்கொள்ளும் பாகம்; 471 என்றால் 470 வோல்ட்) அப்போது தன்னைப் பலி கொடுத்து ஃப்யூஸை அறுக்கும், முன்னால் ஃப்யூஸ் ரெசிஸ்டர் இருந்தால் மட்டும். அது இல்லாமல் நேரடி வயர் போட்ட போர்டில் வேரிஸ்டர் கருகி பெட்டியே உருகும். அப்படிப்பட்டதைத் தொடவே வேண்டாம். கிராமத்து லைனுக்கு '440 வோல்ட் புரொடெக்‌ஷன்' உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இன்புட்டில் இரண்டு கண்டன்சர்கள் வரிசையாகவோ, வோல்டேஜ் ஏறினால் துண்டிக்கும் தனிப் பகுதியோ இருந்தால்தான் அந்த எழுத்துக்குப் பொருள் உண்டு.

பேனலின் ஆயுளை இன்னும் நீட்ட கரண்டைக் குறைக்கலாம். 15 வாட் பேனலில் வழக்கமான அமைப்பு 18 எல்இடி வரிசை இரண்டு. 54 வோல்ட், வரிசைக்கு 150 மில்லிஆம்பியர். இதை 240 மில்லிஆம்பியரில் ஓட்டினால் 13 வாட். வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையாது, சூடு நன்றாக இறங்கும். ஐசி பக்கத்தில் இணையாக இருக்கும் இரண்டு சின்ன ரெசிஸ்டர்களே கரண்டைத் தீர்மானிப்பவை. மொத்த ஓம் 1.25 மடங்கானால் 300 என்பது 240 ஆகும். இரண்டும் 2.2 ஓம் என்றால் ஒன்றை 3.6 ஓமாக மாற்றினால் போதும். அதற்கு முன் இன்புட் கண்டன்சரின் சார்ஜை 10 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் அதில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம்.

மாட்டும்போது பேனலை முதலில் இணைத்து, பிறகே சுவிட்சைப் போட வேண்டும். லோடு இல்லாமல் ஓடும் டிரைவரின் அவுட்புட் கண்டன்சர் உச்ச வோல்டேஜில் நிற்கும். அப்போது பேனலைச் செருகினால் எல்இடிகள் அந்த நொடியிலேயே போகலாம். புது டிரைவர் போட்டும் பேனல் சீக்கிரம் எரிந்தால் எல்இடிகளைப் பாருங்கள்: ஒரு வரிசை அறுந்தால் மிச்சமுள்ள வரிசை முழு 300 மில்லிஆம்பியரையும் சுமக்கும்.

நான்-ஐசோலேட்டட் வகைக்கும் இடம் உண்டு. முழுக்க பிளாஸ்டிக்கால் மூடிய பல்பு, பேட்டன் (டியூப்லைட் போன்ற நீள விளக்கு) என்றால் தாராளமாகப் போடலாம்; அங்கே செலவும் வீணாகும் சக்தியும் குறைவு. வெறும் போர்டு, பழைய பெட்டிக்குள் வைத்து ரிப்பேர் செய்பவருக்கு மட்டும்.

பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஐஎஸ் 15885 என்ற தர எண்ணும் ஆர்-எண்ணும் (பதிவு எண்) இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்-எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் கடையிலேயே சரிபார்க்கலாம். நூறு பேனல் போடும் கடையாக இருந்தால் எலெக்ட்ரீஷியனிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். எல்லா டிரைவரும் ஒரே நொடியில் இழுக்கும் கரண்டுக்கு பி வகை எம்சிபி தட்டிவிடலாம், சற்று அதிக கரண்டைத் தாங்கும் சி வகை போட வேண்டும். பவர் ஃபேக்டர் 0.9க்குக் கீழான டிரைவர் என்றால் மூன்று பேஸின் மூன்றாம் ஹார்மோனிக் கரண்டும் (50 ஹெர்ட்ஸுக்கு மூன்று மடங்கான 150 ஹெர்ட்ஸில் ஓடுவது) நியூட்ரலில் ஒன்றாகச் சேரும். பேஸ் வயரைவிட மெல்லிய நியூட்ரலை இழுக்கவே கூடாது.