இரைமீனுக்கு வீச்சு வலை: நரம்பா, நூலா?

கொடுவாய் மீனைத் தூண்டிலில் பிடிக்க உயிருள்ள சின்ன மடவை மீனை விட நல்ல இரை கிடையாது. மும்பையின் மீனவர்களான கோலிகள் ஜிதாடா என்று கொண்டாடுவதும் இந்த மீனைத்தான். மார்க்கெட்டில் ஐஸில் கிடக்கும் மடவை இதற்கு உதவாது, நாமே வீசிப் பிடிக்க வேண்டும். மும்பையில் வலை தேடினால் இரண்டு வகை கிடைக்கும்: தூண்டில் நரம்பு போன்ற ஒற்றை இழையில் செய்து ஆன்லைனில் வரும் ரெடிமேட் நரம்பு வலை, கையால் முடைந்த, அடி ஓரத்தில் மடிப்புள்ள நைலான் நூல் மடிவலை. இரண்டிலும் வீசிய பிறகு நான் நூல் வலையோடு நின்றுவிட்டேன்.

பொதுவானதை முதலில் முடித்துவிடுகிறேன். சிலர் ஆரத்தையும் சிலர் விட்டத்தையும் அளவாகப் போட்டு விற்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். கரையில் நின்று வீச 6 அடி ஆரம் தாராளம். வலைக்கண்ணை இழுத்துப் பிடித்து அளந்தால் முக்கால் அங்குலம் இருக்கட்டும். அதை விடப் பெரிதானால் விரல் நீள மீன்கள் செவுள் மாட்டிச் செத்துப்போகும், ரொம்பச் சிறிதானால் வலை மெதுவாக இறங்கும். ஈயம் ஓர் அடி ஆரத்துக்கு அரை கிலோ.

நரம்பு வலை தண்ணீர் குடிக்காது, விறைப்பாக விரியும், சட்டென்று தரையைத் தொடும். நடு வளையம் வழியாக வரும் கயிறுகளை இழுத்தால் அடி சுருங்கிவிடும். வளையத்தைத் தூக்கிப் பிடித்தால் மீன் மொத்தமும் வாளியில் விழும், செதில் அதிகம் உதிராது. மடிவலையிலோ மடிப்புக்குள் கிடப்பதைக் கையால் பொறுக்க வேண்டும். இரையை உயிரோடு வைக்க நரம்பு வலைதான் மேல், மறுக்கவில்லை. புதிதாகப் பழகுபவருக்கும் அதுவே சுலபம்.

ஆனால் நம் கரை எப்படிப்பட்டது? பாறை என்றால் கத்தி மாதிரி சிப்பி அப்பிக் கிடக்கும். கோராய், மார்வே உப்பங்கழிப் பக்கம் போனால் சேற்றில் கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள் நிமிர்ந்து நிற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கடல் ஏற்றம் 4.5 மீட்டரைத் தாண்டுகிற நாட்களில் நீரோட்டம் வலையை இழுத்துக்கொண்டு போய் இவற்றில்தான் மாட்டும். வலை கிழிவது நிச்சயம். கிழிந்ததை நாமே கட்டிக்கொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி.

நூல் வலையில் முடியும். கிழிசலின் ஓரத்தைக் கத்தரித்து, முழுக்கண் இருக்கும் இடத்தில் ஆரம்பிக்க வேண்டும். வலை ஊசியைக் கீழிருந்து கண்ணுக்குள் ஏற்றி, விரலில் அளவு பிடித்து, பின்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் முடிச்சு நூலைக் கடித்துக்கொள்ளும். உள்ளங்கை அகலக் கிழிசலை டீ ஆறுவதற்குள் கட்டிவிடலாம். நரம்பில் இதே முடிச்சு வழுக்கும். இரட்டை முடிச்சு போட்டாலும் கண்கள் கோணலாகி, அந்த இடத்தில் வலை சரியாக விரியாது. மங்கிய வெளிச்சத்தில் நரம்பு கண்ணுக்கே தெரியாது என்பது தனிச் சோதனை. மலிவான நரம்பு வலைகள் துண்டு துண்டாக வெட்டித் தைத்தவை, தையல் விட்டால் நீளத்துக்கும் பிரியும். கைவலையில் மேலிருந்து கீழே கண் கூட்டிக் கூட்டி முடைவதால் தையலே இல்லை.

எந்த வலையானாலும் வாங்கும்போது உச்சியைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள், அடி சுற்றிலும் சமமாக விழ வேண்டும். ஒரு கண்ணைக் குறுக்கே இழுங்கள், முடிச்சு நகர்ந்தால் வேண்டாம். ஈயமணிகளுக்கு நடுவே இடைவெளி கூடினால் மீன் அடியில் நுழைந்து ஓடிவிடும்.

ஈயமணியைப் பல்லில் கவ்வி வீசுவது பழைய பழக்கம். தாராவியிலிருந்து வரும் தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவர், “தம்பி, பல்லால கவ்வுனாத்தான் வட்டமா விழும்” என்பார். ஈயம் உடம்புக்கு ஆகாது அண்ணாச்சி என்று சொல்லி நான் முழங்கையில் தொங்கவிட்டே வீசுகிறேன்.

நூல் வலை நனைந்தால் கனக்கும், சேற்றைப் பிடித்துக்கொள்ளும், விலையும் கூடுதல். இரண்டு வலையையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில்தான் உலர்த்த வேண்டும், வெயிலில் நைலான் நைந்துவிடும். படகிலிருந்து ஆழத்தில் வீசுபவர்களுக்குச் சீக்கிரம் இறங்கும் நரம்பு வலை பொருந்தலாம், எனக்குக் கரைப் பழக்கம்தான்.

கைவலை வேண்டுமென்றால் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் கோலிவாடாக்களில், அதாவது கோலிகளின் குடியிருப்புகளில், சொல்லிவையுங்கள். விசைப்படகுகள் கரையேறி, வலை வேலைக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் அது.