டார்பாலா, கிட்டா: பொதி கட்ட மூலநிரலை எங்கே எடுப்பது?

டெபியன், ஆர்ச் போன்ற லினக்ஸ் வகை ஒன்றுக்கு ஒரு பொதி (நிறுவத் தயாராக்கிய மென்பொருள்) கட்ட உட்கார்ந்தால் முதலில் முடிவெடுக்க வேண்டியது இதுதான். ஆக்கியவர் ஒரே சுருக்கிய கோப்பாக வெளியிட்ட டார்பாலை எடுப்பதா, நிரலின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கிட்டிலிருந்து நேரே எடுப்பதா? இப்போது கிட் பக்கம்தான் ஆதரவு அதிகம். ஆனால் மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் எங்கோ இருந்து, போன் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்கிறவருக்குக் கணக்கு கொஞ்சம் வேறு.

டார்பால் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், கிட் குளோன் (களஞ்சியத்தை நகலெடுப்பது) அறுந்தால் முதலிலிருந்துதான். லினக்ஸ் கேர்னலின் டார்பால் நூற்றுச் சொச்சம் எம்பி, முழு வரலாற்றோடு கிட்டில் எடுத்தால் பல ஜிபி, டேட்டா கார்ட் தாங்காது. கடைசி கொமிட்டை (பதிந்த மாற்றத்தை) மட்டும் எடுக்கலாமே என்பீர்கள், சரி, எடுக்கலாம், ஆனால் டேக்கை (பதிப்புக்கு ஒட்டிய பெயர்ச்சீட்டை) பார்த்துப் பதிப்பு எண்ணைக் கணிக்கிற மென்பொருள்கள் அப்போது பிழையான எண்ணைக் காட்டும், இல்லையென்றால் கம்பைலே ஆகாது.

இதுவரை டார்பால் முன்னுக்கு. நம்பிக்கை என்று வந்தால் கதை மாறுகிறது. 2024 மார்ச் 29 அன்று மென்பொருளாளர் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் வெளிக்கொண்டுவந்த எக்ஸ்இசட் விவகாரத்தில் (கோப்பு சுருக்கும் அந்த மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அதைப் பராமரித்தவர்களில் ஒருவரே கள்ளக்கதவு வைத்திருந்தார்) நச்சுச் சரக்கு சோதனைக் கோப்பு என்ற பெயரில் கிட்டிலும் கிடந்தது, ஆனால் கம்பைல் நேரத்தில் அதைக் கிளப்பிவிடும் எம்4 கோப்பு (கம்பைலுக்கான ஏற்பாட்டைச் செய்யும் நிரல்) டார்பாலுக்குள் மட்டும்தான் இருந்தது. கிட்டை வரிவரியாக வாசித்தவருக்கும் அது கண்ணில் பட்டிருக்காது. கையொப்பம் பார்த்தும் பயனில்லை, டார்பாலில் கையொப்பமிட்டவரே நச்சை நுழைத்த அந்த ஆள்தான்!

கிட்ஹப் தானாகச் செய்து தரும் சிப், டார் கோப்புகள் மூன்றாவது சாதி. அவற்றில் சப்மொடியூல் (உள்ளே இணைத்த வேறு களஞ்சியம்) வராது. 2023 ஜனவரியில் சுருக்கும் முறை மாறியதால், உள்ளே ஒரு எழுத்தும் மாறாமலே செக்சம் (கோப்பு அதேதானா என்று சரிபார்க்கும் எண்) மட்டும் மாறி, பல இடங்களில் பில்ட் உடைந்தது, பிறகு பழையபடி ஆக்கினார்கள். என்னைக் கேட்டால் இவற்றைத் தொடாமல் விடுவதே நல்லது.

நான் கிட் பக்கம்தான், ஆனால் டேக்கை நம்பி இல்லை. டேக்கைக் களஞ்சியத்தில் எழுத உரிமை உள்ள யாரும் பிறகு நகர்த்தலாம், அதனால் முழு கொமிட் ஹாஷையே (அந்தக் கொமிட்டுக்கே உரிய அடையாள எண்ணையே) பொதியில் எழுத வேண்டும். குளோன் பிரச்சினைக்கு, கிளிநொச்சி அறிவியல் நகர் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற, நல்ல லைன் உள்ள தம்பி தங்கச்சி யாரிடமாவது ‘கிட் பண்டில்’ போட்டுத் தரச் சொல்லுங்கள். முழுக் களஞ்சியமும் ஒரே கோப்பாகப் பென் டிரைவில் வந்துவிடும், அப்புறம் புதிதாக வந்ததை மட்டும் இழுத்தால் போதும்.

டார்பாலைத் தவிர வழியில்லை என்றால், அதே பதிப்பின் கிட் டேக்கோடு டிஃப் போட்டு வித்தியாசத்தைப் பாருங்கள். கன்ஃபிகர் போன்ற, கம்பைலுக்காக முன்கூட்டியே உருவாக்கிய கோப்புகள் கூடுதலாக இருப்பது வழக்கம், ஆனால் கிட்டில் இல்லாத எம்4 கோப்பு எது தெரிந்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் கட்டாதீர்கள்.