வி.ஜி. பிளஸா, வி.ஜி.யா? பழைய இசைத்தட்டுக்கு எந்தத் தரத்தை நம்புவது

ஒரே படத்தின் எல்.பி. இசைத்தட்டு, இணையத்தில் இரண்டு பிரதிகள். சென்னை விற்பனையாளர் போட்டிருந்த தரம் வி.ஜி. பிளஸ், அதாவது ‘வெரி குட்’டுக்கும் ஒரு படி மேல். இலண்டன்காரர் போட்டிருந்தது வெறும் வி.ஜி., விலையும் பாதி. நான் சென்னைத் தட்டையே எடுத்தேன். திருகோணமலை உவர்மலையில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். கண்ணாடி போல மினுங்கியது. ஊசியை வைத்தால் முதல் இரண்டு பாட்டும் தேன். மூன்றாவதில் குரல் பிசிறியது; கடைசிப் பாட்டில் ‘ச’ வந்த இடமெல்லாம் சீறியது.

இலண்டன் தட்டு மூன்று மாதமாக விலைபோகாமல் கிடந்தது. அதையும் வாங்கினேன். தட்டு முழுக்க மெல்லிய கீறல். ஆனால் குரல் கடைசி வரை தெளிவு. முதல் பாட்டில் மட்டும் ஒரு ‘டிக்’ திரும்பத் திரும்ப வருகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பதால் 1.8 செக்கனுக்கு ஒரு தடவை. அதை விற்றவர் முன்பே எழுதியிருந்தார், எத்தனை தடவை வரும் என்றுகூட.

இரண்டுக்கும் இடையில் நடந்தது என்ன? முதலில் அளவுகோல். இசைத்தட்டு வாங்கி விற்கும் டிஸ்கொக்ஸ் இணையத்தளம் பின்பற்றுவது அமெரிக்காவின் கோல்ட்மைன் சஞ்சிகை முறை: குறையே இல்லாத மின்ட், நியர் மின்ட், வி.ஜி. பிளஸ், வி.ஜி., அதன் கீழே குட். இங்கிலாந்தின் ரெக்கோர்ட் கலெக்டர் சஞ்சிகை முறையில் நியர் மின்ட்டும் இல்லை, பிளஸும் இல்லை. மின்ட்டுக்கு அடுத்தது எக்ஸலென்ட், பிறகு வி.ஜி. கோல்ட்மைன் வி.ஜி. என்றால் மெல்லிய இசை வரும் இடத்தில் இரைச்சல் கேட்கும், சில கீறல் நகத்தில் தட்டுப்படும். ஆங்கிலேயரின் வி.ஜி.யில் அடையாளங்கள் தெரிந்தாலும் ஒலி பெரிதாகக் கெட்டிருக்கக் கூடாது. எழுத்து ஒன்று, பொருள் இரண்டு. கோல்ட்மைன் கணக்கில் வி.ஜி. பிளஸுக்கு நியர் மின்ட் விலையில் ஏறத்தாழ பாதி, வி.ஜி.க்குக் கால்வாசி என்பதால் இந்தக் குழப்பத்தில் காசும் போகும்.

ஆனால் அளவுகோலைவிட எனக்குப் பெரிதாகப் படுவது கண்ணா காதா என்பதுதான். கீறல் கண்ணுக்குத் தெரியும், தேய்மானம் தெரியாது. நம் பக்கத்துப் படப்பாட்டுத் தட்டுகளில் பல, கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஒலிபெருக்கியோடு உழைத்தவை. ஊசியைத் தாங்கும் பாரமான கையும் தேய்ந்த ஊசியும் பள்ளத்தின் சுவரையே அரித்துவிடும். நடுவை நெருங்க நெருங்க ஊசிக்கடியில் தட்டு ஓடும் வேகம் குறைகிறது. ஒலி அலைகள் நெருக்கிப் பதிந்திருக்கும். அரிப்பு முதலில் கேட்பது அங்கேதான். கீறலின் டிக் ஓசைக்குக் காது பழகிவிடுகிறது. பிசிறும் குரலுக்கு என் காது இன்றுவரை பழகவில்லை.

அதனால் இப்போது விற்பவரிடம் நான் கேட்பது ஒன்று: “இரண்டு பக்கத்திலும் கடைசிப் பாட்டைப் போட்டுக் கேட்டீர்களா?” கண்ணால் மட்டும் பார்த்தேன் என்று பதில் வந்தால், அவர் போட்ட தரத்தில் ஒரு படி குறைத்தே விலை யோசிப்பேன். பதிலே வராவிட்டால் விட்டுவிடுவேன். திருகோணமலையிலிருந்து கடல் கடந்து திருப்பி அனுப்பும் தபால் செலவு தட்டின் விலையையே தின்றுவிடும்.

உறைக்குத் தனித் தரம் போடுவார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம், பூஞ்சணம் இருந்தால் மட்டும் வேண்டாம். நம் மாரி ஈரத்தில் அது பக்கத்து உறைகளுக்கும் பரவும். நெளிவு வேறு கதை. கச்சான் காற்று அனலாய் அடிக்கும் மாதங்களில் வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் ஒரு பிற்பகல் கிடந்தாலே தட்டு வளைந்துவிடும். அதற்கு விற்பவரைக் குறை சொல்ல முடியாது. தட்டை உறைக்கு வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் தடித்த அட்டை வைத்து அனுப்பச் சொல்வேன். உறையின் விளிம்பாவது கிழியாமல் வரும்.

சென்னைத் தட்டை நான் வீசவில்லை. முதல் இரண்டு பாட்டுக்கு அது. மிச்சத்துக்கு இலண்டன் தட்டு.