வடசேரிப் பக்கம் வாங்கிய ஆயில் பம்ப்: பம்ப் கொள்ளாம், கேஸ்கெட் சவம்

பழைய 100 சிசி பைக். தக்கலை ஏற்றத்தில் வரும்போது இன்ஜின் ஹெட்டில் (மேல்பகுதியில்) டக்டக் சத்தம். அங்கே வால்வுப் பக்கத்து டேப்பட் மூடியைத் திறந்தால் உள்ளே ஆயில் ஈரமே இல்லை. ஆயிலை மேலே ஏற்றும் பம்ப் மேல்தான் சந்தேகம்.

வீட்டு முற்றத்திலேயே ஆயிலை வடித்து, கிளட்ச் கவரைக் கழற்றி பம்ப்பை எடுத்தேன். பம்ப் மூடியின் உள்பக்கம் நகம் மாட்டுகிற அளவுக்கு வட்டக் கோடு. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு விட்டுப் பார்த்தேன். பம்ப்புக்குள் சுழலும் இரண்டு ரோட்டர்களின் முனைகளுக்கும் நடுவே 0.25 மி.மீ. தகடு தாராளமாகப் போனது. சர்வீஸ் புத்தகத்தில் 0.20 தான் கடைசி.

வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்பேர் கடையில் கேட்டேன். "ரோட்டர் தனியா வராதுண்ணே, முழு பம்ப்தான்." சரி. வாங்கியதைக் கடையிலேயே அளந்தேன்; 0.15 கூட நுழையவில்லை. அவர் சிரித்தார், சிரிக்கட்டும்.

கூடவே வாங்கிய கேஸ்கெட்தான் (ஆயில் கசியாமல் கவருக்கு அடியில் வைக்கும் தாள்) ஏமாற்று. கிளட்ச் கவரில் வைத்தால் ஒரு போல்ட் ஓட்டை பாதி மறைகிறது. திருப்பிக் கொண்டுபோனால், "பாக்கெட்டைப் பிரிச்சாச்சுல்லா" என்று கையை விரித்துவிட்டார். மார்த்தாண்டத்தில் வேறு வாங்கினேன்.

மாட்டும் முன் பம்ப்புக்குள் ஆயில் ஊற்றிக் கையால் சுற்றினேன். மாட்டிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு முப்பது நாற்பது கிக். டேப்பட் பக்கம் பைய ஆயில் ஊறியது. பம்ப்புக்கு அந்த வடசேரிக் கடைக்குப் போகலாம். கேஸ்கெட்டுக்குப் பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒத்துப் பாருங்கள்.