மண்டபம் வாடகை நூலகம்: ஹோர்டா கோப்புக்காகவே ஒரு தடவை போகலாம்

மண்டபம் ஸ்டேஷனிலிருந்து கடல் பக்கம் இறங்கும் தெருவில் ஒரு வாடகை நூலகம் இருக்கிறது, பெயர்ப்பலகை கிடையாது, முன்னால் ஜெராக்ஸ் மெஷின், உள்ளே அலமாரிகள். நாவலும் வார இதழும் எங்கும் கிடைக்கிறதுதான். போக வேண்டிய காரணம் வேறு. கடைக்கார அண்ணன் பழைய பேப்பர் கடைகளில் தேடி எடுத்த செய்திகளை ஆள்வாரியாக, வருஷவாரியாக ஒட்டி பைண்டு செய்து வைத்திருக்கிறார், இந்த மாதிரி ஒரு வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் எடுத்தது ஜோசே ராமோஸ் ஹோர்டா கோப்பு. கிழக்குத் திமோர்க்காரர், இந்தோனேசியாவை ஒட்டிய தீவுப் பகுதி அது, அப்போது போர்ச்சுகல் ஆண்டது. அப்பா போர்ச்சுகல் சர்வாதிகார அரசால் திமோருக்கு நாடு கடத்தப்பட்டவர், மகன் பத்திரிகையாளராகி அதே ஆட்சியால் 1970ல் மொசாம்பிக்குக்கு அனுப்பப்பட்டார். ஊர் திரும்பி, 1975 நவம்பர் 28ல் திமோர் சுதந்திரம் அறிவித்தபோது இருபத்தைந்து வயதில் வெளியுறவு அமைச்சர். டிசம்பர் 7ல் இந்தோனேசியப் படை இறங்கியது, அதற்கு மூன்று நாள் முன்னால்தான் அவர் விமானம் ஏறியிருந்தார்.

அப்புறம்தான் இந்தக் கோப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. 1975க்கு ஏகப்பட்ட தாள், அடுத்த வருஷங்களுக்குத் துண்டுத் துண்டாக நாலைந்து வரிச் செய்திகள். ஐ.நா. பொதுச்சபையில் திமோருக்கு ஆதரவான தீர்மானத்துக்கு 1975ல் 72 ஓட்டு, 1982ல் 50தான், எதிர்த்து 46, ஒதுங்கியது 50. அண்ணன் இந்த எண்களைப் பால்பாயிண்ட் பேனாவால் ஓரத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறார். தூதரகமும் இல்லை, நாடும் கையில் இல்லை, உடன்பிறந்தவர்களில் நான்கு பேரைப் போரில் பறிகொடுத்த ஒரு மனுஷன் நியூயார்க்கில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டே இருந்தார் என்பது அந்த ஓரக் கணக்கைப் பார்த்தால் உறைக்கிறது. செய்தி தேடி அலைந்த பழக்கம்தான் அவரைத் தாங்கியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

1991 நவம்பரில் திமோரின் தலைநகர் திலியின் சாந்தா குரூஸ் கல்லறைத் தோட்டத்தில் நடந்த படுகொலை படம்பிடிக்கப்பட்டு வெளியே வந்தது, அங்கிருந்து கோப்பு மறுபடி தடிக்கிறது. 1996ல் திமோரின் கத்தோலிக்க பிஷப் பெலோவோடு சேர்த்து நோபல் அமைதிப் பரிசு. 1999 ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் விடுதலைக்கு ஓட்டுப் போட்டார்கள், டிசம்பரில் 24 வருஷம் கழித்து அவர் ஊருக்குள் கால் வைத்தார். பிறகு பிரதமர், ஜனாதிபதி, 2008ல் துப்பாக்கிச் சூட்டில் உயிர் தப்பியது, மேற்கு ஆப்பிரிக்காவின் கினி பிசாவில் ஐ.நா. பிரதிநிதி, 2022ல் திரும்பவும் ஜனாதிபதி. இந்தப் பகுதி வேகமாக முடிந்துவிடுகிறது, எனக்கு அதில் குறை இல்லை.

இதை மண்டபத்தில் உட்கார்ந்து படிப்பது தனி விஷயம். அகதி முகாமிலிருந்து வரும் பையன்கள் இங்கே நிறைய. ஒருவன் 1999 பக்கத்தைத் தொட்டு, "அண்ணே, இவரு திரும்பிப் போகையில வீடு இருந்துச்சா?" என்று கேட்டான். "ஊரே எரிஞ்சு கிடந்துச்சு தம்பி, அதுக்கப்புறந்தான் கட்டுனாங்க" என்றார் அண்ணன். பையன் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டான்.

குறை என்றால், உப்புக்காற்றில் ஸ்டேப்ளர் பின்கள் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிட்டன. 1991 பக்கங்களில் ஒரு பத்தி முழுக்கப் பழுப்புக் கறை, படிக்க முடியவில்லை. பின்னைப் பிடுங்கிவிட்டு நூல் தையல் போடலாம், நான் சொன்னேன், "செய்யணும்" என்றார். பல துண்டுகளில் எந்தப் பத்திரிகை என்ற குறிப்பு இல்லை. மேசை ஒன்றே ஒன்று, வெளிச்சம் போதாது.

நாவல்களுக்கு மாசச் சந்தா உண்டு, கோப்புகளை வீட்டுக்குத் தர மாட்டார், அங்கேயே படித்தால் காசும் வாங்குவதில்லை. சாயங்காலம்தான் திறக்கிறார். ராமேஸ்வரம் போகிறவர்கள் பாம்பன் பாலத்துக்கு முன்னால் இறங்கிவிட்டுப் போகலாம், ஆனால் அமாவாசை அன்று வேண்டாம், ஜெராக்ஸ் கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காது.