நியூயார்க் பாரா, கலிபோர்னியா பாரா? இந்தியச் சட்டப் பட்டத்தோடு போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் வக்கீலாக எல்.எல்.எம். (சட்ட முதுகலை) படித்தே ஆகணும் என்ற பேச்சு நம் ஊர்ச் சட்டக் கல்லூரிகளில் நிறைய உண்டு. அதை நம்பிப் பல லட்சம் கடன் வாங்கிவிடுகிறார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நியூயார்க்கிலும் சரி, கலிபோர்னியாவிலும் சரி, எல்.எல்.எம். இல்லாமலே பார் தேர்வு, அதாவது வக்கீல் உரிமத் தேர்வு, எழுத வழி இருக்கிறது. ஆனால் இரண்டு மாநிலமும் பார்ப்பது வெவ்வேறு காகிதம்.

நியூயார்க் உங்கள் பட்டத்தைப் பார்க்கிறது. நீங்கள் படித்தது ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில் வந்ததா, அங்குள்ள மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குக் கால அளவில் ஈடாகுமா, கல்லூரிக்குப் போய்ப் படித்ததா என்று தோண்டுவார்கள். இவற்றில் கால அளவோ மரபோ, ஏதாவது ஒன்று குறைந்தால்தான் அங்கீகாரம் பெற்ற அமெரிக்கக் கல்லூரியில் 24 கிரெடிட் எல்.எல்.எம். கேட்பார்கள். கலிபோர்னியாவோ உங்கள் என்ரோல்மென்ட்டைப் பார்க்கிறது. பார் கவுன்சிலில் பதிவு செய்து நல்ல நிலையில் இருக்கிற வக்கீல் என்று சான்றிதழ் கொண்டுபோனால் மேற்படிப்பு வேண்டாம். வெறும் பட்டதாரியாகப் போனால் அங்கேயும் ஒரு வருடப் படிப்பு தலையில் விழும். ஐ.டி. கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்துவிட்டது, என்ரோல்மென்ட் எதற்கு என்று விட்டுவிடுகிறவர்கள் இதை யோசிக்கணும்.

தேர்வு இரண்டு இடத்திலும் இரண்டு நாள், பிப்ரவரியிலும் ஜூலையிலும். ஒரு நாள் முழுக்க 200 கொள்குறி வினாக்கள், அது பொது. இன்னொரு நாள்தான் வேறுபடுகிறது. நியூயார்க்கில் அரைமணி நேரக் கட்டுரை ஆறு, அப்புறம் ஒன்றரை மணி நேரச் செய்முறைத் தாள் இரண்டு. கலிபோர்னியாவில் ஒரு மணி நேரக் கட்டுரை ஐந்து, செய்முறைத் தாள் ஒன்று. செய்முறைத் தாளில் ஒரு கட்சிக்காரரின் கோப்பும் சில தீர்ப்புகளும் கையில் கொடுத்துவிட்டு, சீனியருக்கு ஒரு குறிப்பு எழுது என்பார்கள். மனப்பாடம் வேண்டியதில்லை, ஜூனியராக டிராஃப்டிங் செய்து பழகியவர்களுக்கு இது நல்ல இடம்.

நம்மவர்களைக் கவிழ்ப்பது பாதி தெரிந்த பாடங்கள்தான். நிரந்தரக் கட்டுப்பாட்டுக்கு எதிரான விதியை, அதாவது சொத்து யாருக்குப் போகும் என்பதை எவ்வளவு காலம் தள்ளிப்போடலாம் என்ற வரம்பை, எடுத்துக்கொள்ளுங்கள்: சொத்து மாற்றுச் சட்டம் 14ஆம் பிரிவில் நாம் படித்தது உயிரோடிருப்பவர் ஆயுளும் அதன்பின் சொத்தைப் பெறப்போகிறவர் மேஜராகும் காலமும். அங்கே ஆயுளும் 21 வருடமும். பழைய கணக்கில் பதில் போட்டால் மார்க் போச்சு. கலிபோர்னியாவில் கணவன் மனைவி கூட்டுச் சொத்துரிமை என்று ஒரு தனிப் பாடமும் உண்டு, கோவாவை விட்டால் நம் சட்டத்தில் அதற்கு அடித்தளமே கிடையாது.

மதிப்பெண்ணிலும் கலிபோர்னியா கடுமை. நியூயார்க்கில் 400க்கு 266, கலிபோர்னியாவில் 2000க்கு 1390. அதையும் 400க்கு மாற்றினால் 278 வரும். வெளிநாட்டில் படித்தவர்களின் தேர்ச்சியும் அங்கே கூடுதலாகவே அடிவாங்குகிறது. 2025 பிப்ரவரியில் கலிபோர்னியா சொந்தமாக வினாத்தாள் தயாரித்து ஆன்லைனில் நடத்தப் போய் மென்பொருள் படுத்து, பலர் மாதக்கணக்கில் படித்தது வீணானது. ஜூலையில் பழைய முறைக்கே திரும்பினார்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

நியூயார்க் மதிப்பெண்ணைப் பல மாநிலங்கள் ஏற்கும், கலிபோர்னியா மதிப்பெண் கலிபோர்னியாவோடு சரி. ஆனால் வெளிநாட்டுப் பட்டத்துக்கு ஒவ்வொரு மாநிலமும் தனி விதி வைத்திருக்கிறது, மதிப்பெண்ணை மட்டும் நம்பி வீடு மாற்றக்கூடாது. நியூயார்க்கில் வேலைச்சுமையும் கூடுதல்: 50 மணி நேர இலவசச் சட்டப்பணி, மாநிலச் சட்டம் பற்றிய ஆன்லைன் பாடம், அதற்கு 50 கேள்வித் தேர்வு. தொழில் ஒழுக்கத் தேர்வு இரண்டிலும் உண்டு, தேர்ச்சிக்கு நியூயார்க்கில் 85, கலிபோர்னியாவில் 86. 2028 ஜூலையிலிருந்து நியூயார்க் புதிய தேர்வு முறைக்கு மாறுகிறது, இப்போது படிப்பவர்கள் அதையும் கணக்கில் வையுங்கள்.

என்னைக் கேட்டால், கலிபோர்னியாவில்தான் வேலை, குடும்பமும் அங்கேதான் என்றால் தவிர எல்லோருக்கும் நியூயார்க். அப்படி முடிவெடுத்தால் புத்தகம் வாங்குமுன் பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்கிரிப்ட் கேட்டு எழுதுங்கள். அது உங்கள் கை வழியாகப் போகாமல் அங்கிருந்தே நேராகத் தேர்வு வாரியத்துக்குப் போகணும், பரிசீலனைக்கு மாதக்கணக்கில் ஆகும், நம் பல்கலைக்கழக செக்‌ஷன்களில் அந்த உறை நகர எத்தனை தடவை போன் போடணும் என்பது உங்களுக்கே தெரியும்.